புரை ஏறுகிறதா? பார்க்கின்சன் முற்றிய நிலையில் சாப்பாடும் தண்ணீரும்: வாசகர் கேள்வி பதில்

பார்க்கின்சன் என்றதும் நடுங்கும் கைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் நோய் முற்றியவர்களின் வீடுகளிலிருந்து இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நடுக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லாமே சாப்பாட்டு வேளையைப் பற்றியவை. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதிய சிறு நூலிலேயே, நோய் முற்றும்போது விழுங்க முடியாமல் போவதையும் வாயிலிருந்து எச்சில் வழிவதையும் குறித்திருக்கிறார். ஆனாலும் இன்றுவரை பல வெளிநோயாளர் பிரிவுகளில் நடை, நடுக்கம், மாத்திரை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. "சாப்பாடு எப்படி இறங்குகிறது?" என்று யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கடிதங்களுக்கு நரம்பியல் செவிலியரும் விழுங்கு சிகிச்சையாளரும் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. பார்க்கின்சன் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. சாதம் மெதுவாக இறங்கிவிடுகிறது. தண்ணீர் குடித்தால்தான் புரை ஏறுகிறது. தண்ணீர் சுலபமாக இறங்க வேண்டியதுதானே? புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, மேலே பார்க்கச் சொல்கிறோம். சரியா?
*வாசகி, தஞ்சாவூர்*

விழுங்குவதிலேயே கடினமானது தண்ணீர்தான். நாக்கிலிருந்து தொண்டைக்கு அது நொடியில் ஓடிவிடும். அதற்குள் குரல்வளை மேலேறி, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். பார்க்கின்சனில் கை கால் அசைவு எப்படி மெதுவாகிறதோ, நாக்கும் தொண்டைத் தசைகளும் அப்படியே மெதுவாகின்றன. கதவு மூடுவதற்குள் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. சாதம் மெதுவாக நகர்வதால் தசைகளுக்கு அவகாசம் கிடைக்கிறது. ஆனால் சாதம் இறங்குகிறது என்பதாலேயே முழுதும் இறங்கியதாக அர்த்தமில்லை. தொண்டைக் குழிகளில் தங்கி, சற்று நேரம் கழித்துச் சரியலாம்.

முதலில் கேட்க வேண்டியது, அவர் எப்படிக் குடிக்கிறார் என்பது. எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது நம் வீடுகளில் வாழ்நாள் பழக்கம். இந்த நோயாளிக்கு இதைவிட ஆபத்தான முறை இல்லை. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வாய் விரிந்து, நீர் நேராக அதற்குள் போக வழி கிடைக்கிறது. இன்றே நிறுத்துங்கள். உதடு பட்டுத்தான் குடிக்க வேண்டும். அவருக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டால் எச்சில் பற்றிய தயக்கமும் இருக்காது.

டம்ளரில் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அதை எடுக்கத் தலை பின்னால் போயே தீரும். அதனால் டம்ளரைப் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டு, குறையக் குறைய நிரப்புங்கள். இன்னொரு வழி: மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரின் விளிம்பில் மூக்கு நுழையும் அளவுக்கு ‘ப’ வடிவில் வெட்டி, விளிம்பை வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். வெட்டிய பக்கம் மூக்குக்கு, எதிர்ப்பக்கம் உதட்டுக்கு. தலையைத் தூக்காமலே கடைசிச் சொட்டு வரை குடிக்கலாம். நீண்ட மூக்குள்ள ஃபீடிங் கப் வேண்டாம்; அது நீரை நேராக நாக்கின் பின்பக்கம் கொண்டுபோய் ஊற்றும்.

உட்காரும் முறை: கட்டிலில் சாய்த்து வைத்து அல்ல, நாற்காலியில் இடுப்பு முதுகுப் பலகையோடு ஒட்ட, இரு பாதமும் தரையில் ஊன்ற. முதுகு சரிந்தால் பக்கங்களில் தலையணை. ஒரு வாய்க்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. வாயில் வாங்கியதும் தாடையை நெஞ்சை நோக்கிச் சற்றே தாழ்த்தி, ‘இப்போது விழுங்குகிறேன்’ என்று நினைத்து அழுத்தி விழுங்கச் சொல்லுங்கள். பார்க்கின்சனில் தானாக நடக்கும் அசைவுகள்தான் முதலில் குறையும். கவனம் வைத்துச் செய்யும் அசைவு அதைவிட நன்றாக வரும். கழுத்து மேடு ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகு, வெறும் வாயால் இன்னொரு முறை விழுங்கச் சொல்லுங்கள். அப்புறம்தான் அடுத்த வாய். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டக் கூடாது. அவர் முகத்தைப் பார்க்க நோயாளி தலையைத் தூக்குவார். எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். வாயில் உணவு இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள்.

தாடை தாழ்த்துவது எல்லோருக்கும் போதாது. தண்ணீர் குடித்தால் புரை ஏறும் பார்க்கின்சன், மறதி நோயாளிகள் 711 பேரை அமெரிக்காவில் எக்ஸ்ரே படத்தில் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், தாடை தாழ்த்திக் குடித்தும் 68 சதவீதம் பேருக்கு நீர் மூச்சுக்குழாய்க்குள் போனது. தேன் பதத்துக்குக் கெட்டியாக்கிய திரவத்தில் அது 53 சதவீதம். இரண்டும் முழுப் பாதுகாப்பு அல்ல. அதனால்தான் எது அவருக்குப் பொருந்தும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டுவதால் பயன் இல்லை. மேலே பார்க்கச் சொல்வதும், உடனே தண்ணீர் கொடுப்பதும் கெடுதல். சற்று முன்னால் குனிய வைத்து, இருமி முடியும்வரை இரும விடுங்கள். மூச்சு சீராகி, குரல் தெளிந்த பிறகே அடுத்த வாய்.

கேள்வி: அம்மா சாப்பிடும்போது இருமுவதே இல்லை. ஆனால் ஐந்து மாதத்தில் இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. "உணவு நுரையீரலுக்குப் போகிறது" என்கிறார் மருத்துவர். இருமாமல் எப்படிப் போகும்?
*வாசகர், மதுரை*

போகும். இந்த நோயில் நாங்கள் அதிகம் அஞ்சுவது இதைத்தான். தொண்டையின் உணர்ச்சி மங்கி, இருமலைத் தூண்டும் அனிச்சைச் செயலும் வலுவிழந்துவிடுகிறது. நீரோ எச்சிலோ மூச்சுக்குழாயில் இறங்கினாலும் உடம்பு சத்தம் போடுவதில்லை. முற்றிய பார்க்கின்சனில் உயிரிழப்புக்கு முக்கியமான காரணம் இப்படி வரும் நிமோனியாதான். நன்றாக இருமுகிற நோயாளியைவிட, இருமாத நோயாளியைப் பற்றி அதிகம் கவலைப்படுங்கள்.

இருமலுக்குப் பதில் வேறு அடையாளங்கள் இருக்கும். சாப்பிட்டபின் குரல் ஈரமாக, கரகரவென்று, கொப்பளிப்பது போலக் கேட்கும். "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொன்னால் தெளிவாகத் தெரியும். சாப்பிடும்போது கண்ணில் நீர் கோக்கும், மூக்கு ஒழுகும். ஒரு வேளைச் சாப்பாடு நாற்பது நிமிடத்தைத் தாண்டும். கன்னத்துக்குள் உணவு அடைந்து கிடக்கும். ஒரு மாதத்தில் எடை 5 சதவீதம் குறைந்தாலும், காரணமில்லாத லேசான காய்ச்சல் வந்து வந்து போனாலும் சந்தேகப்படுங்கள். வயதானவர்களுக்கு நிமோனியாவில் காய்ச்சலே இல்லாமலும் போகலாம். திடீர்க் குழப்பம், வழக்கத்துக்கு மீறிய தூக்கம், ஓய்வில் நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் வழக்கத்தைவிடக் குறைந்து 94க்குக் கீழே போவது: இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. மூச்சை எண்ணும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

வெளியிலிருந்து பார்த்து இதை உறுதிசெய்ய முடியாது. இரண்டு சோதனைகள் உள்ளன. ஒன்று, பேரியம் கலந்த உணவையும் திரவத்தையும் விழுங்க வைத்து ஓடும் எக்ஸ்ரே படமாகப் பார்ப்பது. மற்றது, காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, விழுங்கும்போது தொண்டையைப் பார்ப்பது. இரண்டாவதைக் கட்டில் அருகிலேயே செய்யலாம். பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பேச்சு, செவித்திறன் துறையில் விசாரியுங்கள். பேச்சு சிகிச்சையாளர்தான் விழுங்கு சிகிச்சையும் தருவார் என்பது பலருக்குத் தெரியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உள்ளவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் சோதனையை வைக்கச் சொல்லுங்கள். வேலை செய்யாத நேரத்தில் எப்படி விழுங்குகிறார் என்பதையும் சிகிச்சையாளரிடம் விவரியுங்கள்.

இன்று இரவே தொடங்க வேண்டிய ஒன்று உண்டு: வாய்ச் சுத்தம். நுரையீரலுக்குப் போகும் எச்சிலில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்பதுதான் நிமோனியா வருமா வராதா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. காலை ஒருமுறை, இரவு படுக்கும்முன் ஒருமுறை, மென்மையான பிரஷ்ஷில் பட்டாணியளவு பேஸ்ட் வைத்துத் தேய்த்துவிடுங்கள். நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாமே சேர்த்து. கொப்பளிக்க முடியாவிட்டால் நுரையை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு வேளை முடிந்ததும் டார்ச் அடித்துக் கன்னக் குழியில் பருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாடு முடிந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை படுக்க வைக்கக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு மாத்திரை தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது. எல்லாவற்றையும் இடித்துப் பொடியாக்கிக் கொடுக்கலாமா? காலையில் எழுந்ததும் இட்லி கொடுத்தால் மென்றுகொண்டே இருக்கிறார், விழுங்குவதில்லை.
*வாசகி, கோயம்புத்தூர்*

இரண்டும் ஒரே சிக்கலின் இரண்டு முகங்கள். முதலில் இரண்டாவது.

இரவு முழுக்க மாத்திரை இல்லாததால் விடியலில் உடம்பு இறுகிக் கிடக்கும். நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ளாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ‘மெல்லுகிறார்’ என்று நினைப்பது அதைத்தான். அந்த நேரத்தில் இட்லியை ஊட்டுவது ஆபத்து. கண் விழித்ததும் பார்க்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபாவின் முதல் மாத்திரை, முகம் கழுவி உடுத்தி முடிக்கும் வரை 30 முதல் 45 நிமிட இடைவெளி, கை கால் இளகியது தெரிந்த பிறகு சாப்பாடு. நாளின் பெரிய உணவை மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளைக்கு மாற்றுங்கள். குடும்பத்தின் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் வர வேண்டியதில்லை. அவருடைய மாத்திரை நேரத்துக்குச் சாப்பாடு வரட்டும். மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்தால் களைப்பும் குறையும்.

லெவோடோபாவை உணவுக்கு அரை மணி முன்போ, உண்டு ஒரு மணி நேரம் கழித்தோ கொடுப்பது நல்லது. பருப்பு, முட்டை, பால், மீன் ஆகியவற்றின் புரதம் குடலிலும் மூளைக்குள் நுழையும் இடத்திலும் இந்த மருந்தோடு போட்டி போடும். அதற்காகப் புரதத்தை நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே மெலிந்துகொண்டிருப்பவரின் தசை இன்னும் கரையும். நேரத்தைத்தான் பிரிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் லெவோடோபாவிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

இனி இடிக்கும் விஷயம். சின்டோபா, டைடோமெட் போன்ற பெயர்களில் வரும் சாதாரண லெவோடோபா–கார்பிடோபா மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம். பெயரோடு ‘சி.ஆர்.’ என்று இருந்தால் பொடிக்கவே கூடாது, மெல்லவும் கூடாது. மணிக்கணக்கில் மெதுவாக வெளிவர வேண்டிய மருந்து மொத்தமாக வந்துவிடும். கொஞ்ச நேரம் கை கால் துள்ளும் அசைவு, பிறகு மருந்தே இல்லாத வெறுமை. பிராமிபெக்சால், ரோபினிரோல் ஆகிய மற்ற பார்க்கின்சன் மருந்துகளின் ‘ஈ.ஆர்.’, ‘பி.ஆர்.’ வகைகளும் அப்படியே. சி.ஆர். விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிச் சாதாரண வகைக்கு மாறுங்கள். நீங்களாக ஒன்றுக்கு ஒன்று மாற்றாதீர்கள், சி.ஆர். உடம்பில் குறைவாகச் சேர்வதால் அளவுக் கணக்கு வேறு.

முழு மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுப்பதுதான் தொண்டையில் ஒட்டுவதற்குக் காரணம். தண்ணீர் முன்னால் ஓடிவிடும், மாத்திரை பின்தங்கிவிடும். ஒரு தேக்கரண்டி மசித்த வாழைப்பழத்திலோ கெட்டியான ஆப்பிள் கூழிலோ மாத்திரையைப் பதித்துக் கொடுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாத்திரை. பொடித்தால் அப்போதைக்கு அப்போது பொடியுங்கள். காலையிலேயே கரைத்து வைத்தால் மருந்து வீரியம் இழக்கும். கொடுத்து முடித்ததும் நாக்கின் அடியில் பாருங்கள். கன்னத்தில் கரையும் மாத்திரை வேலை செய்யாது, புண்ணும் ஆக்கும்.

கேள்வி: அப்பாவுக்குக் காலமை பாணும் தேத்தண்ணியும், இரவில புட்டோ இடியப்பமும் சொதியுமோதான் பழக்கம். எதை நிப்பாட்டுறது, எதைக் குடுக்கலாம்?
*வாசகர், யாழ்ப்பாணம்*

புட்டை நிறுத்துங்கள். உதிர்ந்து சிதறும் உணவுதான் தொண்டையில் அங்கங்கே தங்கி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். பொரி, மிக்சர், முறுக்கு, வடையின் மொறுமொறு ஓரம், ரஸ்க் எல்லாம் இதே வரிசை. பாண் (ரொட்டி) வாயில் ஈரமாகி உருண்டையாகத் திரண்டு அண்ணத்தில் ஒட்டும். தேத்தண்ணீரில் தோய்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் திடமும் நீரும் கலந்த உணவு இன்னும் கடினம். வாய் திடத்தை மென்றுகொண்டிருக்கும்போதே நீர் தனியாகப் பிரிந்து தொண்டைக்குள் ஓடிவிடும். சொதி ஊற்றிய இடியப்பம், ரசம் சாதம், நீராகாரத்தில் மிதக்கும் பழைய சோறு, முழுப் பருக்கையுள்ள கஞ்சி, ஜவ்வரிசிப் பாயசம் எல்லாவற்றிலும் இதே கோளாறு. ஐஸ்கிரீமும் ஜெல்லியும் கெட்டியாகத் தெரிந்தாலும் வாய்ச் சூட்டில் நீராகிவிடும்.

பழகிய ருசியை விடாமலே மாற்றலாம். இடியப்பத்தைப் பொடியாக வெட்டி, கெட்டித் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து, நீர் தனியாக நிற்காதபடி மசியுங்கள். இட்லியைக் கெட்டிப் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசையலாம். குழைந்த சாதத்தைத் தயிரோடு மத்தால் மசித்தால் நன்றாக வழுக்கும். கடுகு, கறிவேப்பிலை, மிளகாய்த் தோல், முருங்கைக்காய்ச் சக்கை எதுவும் கூடாது. தாளித்த எண்ணெயை வடிகட்டி ஊற்றினால் மணம் கிடைக்கும். மீனை முள் நீக்கி மசித்து, குழம்பை கெட்டியாக்கிச் சேருங்கள். மிக்சியில் எல்லாவற்றையும் ஒன்றாக அடித்துச் சாம்பல் நிறக் கூழாகக் கொடுக்காதீர்கள். பருப்பு தனி, காய் தனி, சாதம் தனி என்று தட்டில் வையுங்கள். பசி கண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

பதத்தை அளக்க உலக அளவில் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற 0 முதல் 7 வரையான நிலைகள் உள்ளன. 5ஆம் நிலை: துண்டுகள் 4 மி.மீ. அகலத்துக்குள், சாதாரண முள்கரண்டியின் பல் இடைவெளிக்குள் நுழையும் அளவு, நனைந்து ஒட்டி இருக்க வேண்டும். 6ஆம் நிலை: ஒன்றரை செ.மீ. துண்டுகள், முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். 4ஆம் நிலை கூழ்: கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், ஒட்டிக்கொண்டு நின்றால் தொண்டையிலும் அப்படித்தான் நிற்கும். கேசரி, அல்வா, ராகிக் களி இந்த இடத்தில் தோற்றுவிடும்.

திரவத்துக்கு 10 மி.லி. சிரிஞ்சு போதும். 0 முதல் 10 வரையான கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நீளம் மாறினால் கணக்கும் மாறும். ஊசியும் தண்டும் இல்லாமல், நுனியை விரலால் மூடி, 10 மி.லி. ஊற்றுங்கள். விரலை எடுத்துப் பத்து நொடி ஓடவிட்டு மறுபடி மூடுங்கள். மீதம் 1 மி.லி.க்குக் குறைவு என்றால் வெறும் தண்ணீர்ப் பதம். 1 முதல் 4 வரை 1ஆம் நிலை, 4 முதல் 8 வரை 2ஆம் நிலை, 8க்கு மேல் நின்று சொட்டினால் 3ஆம் நிலை. அப்பாவுக்கு எந்த நிலை என்பதைச் சிகிச்சையாளர் சொல்வார். அதே நிலை தினமும் வருகிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லும். குடிக்கப்போகும் சூட்டிலேயே அளவெடுங்கள். ஆறினால் பதம் மாறும்.

கெட்டியாக்கும் பொடி வாங்கும்போது சாந்தான் பிசின் வகையைத் தேர்ந்தெடுங்கள். மாவுச்சத்து வகைப் பொடியும், வீட்டுக் கூழும் கஞ்சியும் எச்சில் பட்டதும் நீர்த்துப்போகும். எச்சில் கரண்டியைத் திரும்பத் திரும்ப விட்டால் கிண்ணத்தில் இருப்பது மொத்தமும் இளகிவிடும். அதனால் கூழைச் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கெட்டித் திரவம் பலருக்குப் பிடிக்காது, குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். நாளுக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று எழுதி வையுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகி, நாக்கு வறண்டு, குழப்பம் வந்தால் தண்ணீர் போதவில்லை.

கேள்வி: உணவு அடைத்து மூச்சே விடமுடியாமல் போனால் வீட்டில் என்ன செய்வது? அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார்.
*வாசகர், சேலம்*

இருமுகிறார், சத்தம் வருகிறது என்றால் தொடாதீர்கள். அவருடைய இருமலே உங்கள் கையைவிட வலிமையானது. குரல் வரவில்லை, இருமல் சத்தமில்லை, உதடு நீலமாகிறது என்றால் காத்திருக்க நேரமில்லை.

ஒருவர் ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழைக்கட்டும், இலங்கையில் 1990 என்ற எண்ணை. நாற்காலியின் பிரேக்கைப் போடுங்கள். பக்கவாட்டில் நின்று ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி அவரை நன்றாக முன்னால் குனியச் செய்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாக அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பின் வெளிவந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டோ குனிந்தோ கைகளை முன்னால் கொண்டுவந்து, தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக் கூட்டுக்குக் கீழே முஷ்டியை வைத்து, மறு கையால் பிடித்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை இழுங்கள். முதுகுப் பலகை இடைஞ்சலாக இருந்தாலோ, வயிற்றில் உணவுக் குழாய் இருந்தாலோ, நெஞ்செலும்பின் நடுவில் வைத்து அழுத்துங்கள். ஐந்து அடி, ஐந்து இழுப்பு என்று மாறி மாறிச் செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத உணவை விரல்விட்டுத் துழாவ வேண்டாம். இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். நினைவிழந்தால் தரையில் படுக்க வைத்து நெஞ்சு அழுத்தம் கொடுக்கத் தொடங்குங்கள். 30 முறைக்கு ஒருமுறை வாயைத் திறந்து பார்த்து, உணவு தெரிந்தால் மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு மூச்சு ஊதுங்கள். வயிற்றை அழுத்தி எடுத்திருந்தால், அம்மா பிறகு நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே காயம் பட்டிருக்கலாம்.

இதைப் படித்தால் மட்டும் கை வராது. வீட்டில் இருக்கும் எல்லோரும், பகலில் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் உட்பட, வெறும் கையால் நிலையை எடுத்துப் பழகுங்கள். பழகும்போது உண்மையாக அழுத்தக் கூடாது.

கேள்வி: வாயில் எச்சில் வழிந்துகொண்டே இருக்கிறது. எச்சில் அதிகமாகச் சுரப்பதை நிறுத்த மருந்து உண்டா?
*வாசகர், காரைக்குடி*

சுரப்பது அதிகமாகவில்லை. விழுங்குவதுதான் குறைந்திருக்கிறது. தலை குனிந்து, உதடு மூடாமல் இருப்பதால் வழிகிறது. அதனால் முதல் சிகிச்சை லெவோடோபா நேரத்தைச் சீராக்குவதும், "வாயை மூடி ஒருமுறை விழுங்குங்கள்" என்று அடிக்கடி நினைவூட்டுவதும். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் போட்டுலினம் ஊசி போட்டால் சுமார் மூன்று மாதம் தாங்கும். ஊசி தவறிப் பரவினால் விழுங்குவது மோசமாகும் என்பதால் அனுபவமுள்ளவரிடம் மட்டும் போடுங்கள். எச்சிலைக் குறைக்கும் கிளைகோபைரோலேட் மாத்திரையும் உண்டு. நடுக்கத்துக்கென்று பழைய சீட்டில் டிரைஹெக்சிஃபெனிடில் தொடர்ந்துகொண்டிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். அது வாயை உலர்த்தும், ஆனால் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் மாயத் தோற்றங்களையும் கொண்டுவரும். மீதமுள்ள எச்சிலைக் கெட்டிச் சளியாக்கி விழுங்க இன்னும் கடினமாக்கும்.

கேள்வி: மலச்சிக்கலுக்கு இசப்கோல் கொடுக்கலாமா?
*வாசகி, விருதுநகர்*

விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்குக் கூடாது. தண்ணீர் போதாமல் போனால் அது தொண்டையிலோ உணவுக்குழாயிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். சப்ஜா விதையும் வேண்டாம். மருத்துவர் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி எழுதித் தந்தால், அதை மாவுச்சத்து வகைப் பொடியால் கெட்டியாக்கிய பானத்தில் கலக்காதீர்கள். கலந்ததும் பானம் தண்ணீராகிவிடும். சாந்தான் வகையோடு கலந்து, சிரிஞ்சில் சோதித்துக் கொடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் குழாய் வைக்கச் சொல்கிறார்கள். வைத்தால் நிமோனியா வராதா? வைக்காவிட்டால் பட்டினி போட்ட பாவமா?
*வாசகர், திருச்சி*

வராது என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியல்ல. குழாய் உணவையும் மருந்தையும் தண்ணீரையும் உள்ளே கொண்டுபோகும். எச்சிலைத் தடுக்காது. வயிற்றிலிருந்து மேலேறி வரும் உணவையும் தடுக்காது. எடை குறைவதும், மாத்திரை இறங்காமல் உடம்பு இறுகுவதும்தான் முக்கியச் சிக்கல் என்றால், அப்பா இன்னும் விழிப்போடு மனிதர்களை அறிந்து பேசுகிறார் என்றால், குழாய் உண்மையாகவே உதவும். நினைவு மிகவும் மங்கி, நாளின் பெரும்பகுதி உறக்கத்தில் கழிகிறது என்றால் பலன் குறைவு. அந்த நிலையில், விழித்திருக்கும் நேரத்தில் அவர் விரும்பும் இரண்டு கரண்டி உணவைப் பத்திரமாகக் கொடுத்து, வாயை ஈரமாக வைத்துப் பார்த்துக்கொள்வது பட்டினி போடுவது அல்ல. அதுவும் ஒரு சிகிச்சைதான். இதை அப்பாவிடமே, அவர் பேச்சு தெளிவாக உள்ள வேளையில், நேராகக் கேளுங்கள். அவர் சொன்னதை எழுதி வையுங்கள். குடும்பங்கள் இந்தப் பேச்சை ஐ.சி.யு. வாசல் வரை தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

மூக்குக் குழாய் சில வாரங்களுக்குத்தான். நான்கு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்றால் வயிற்றில் வைக்கும் ‘பெக்’ குழாயைப் பற்றிப் பேசுவார்கள். எதுவானாலும் ஊட்டும்போது தலைப்பக்கம் குறைந்தது 30 பாகை உயரம், முடிந்து ஒரு மணி நேரம் அதே நிலை. உணவுக்கும் மருந்துக்கும் முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். லெவோடோபாவைப் பால், புரத மாவுக் கரைசலோடு சேர்த்து விடாதீர்கள். மூக்குக் குழாய் என்றால் முதலில் எக்ஸ்ரே எடுத்து இடத்தை உறுதிசெய்திருக்க வேண்டும். மூக்கருகே பேனாவால் அடையாளமிட்டு, அது நகர்ந்திருந்தால் எதையும் விடாதீர்கள். காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பது நம்பத்தக்க சோதனை அல்ல.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். குழாய் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த உதவி வேண்டும்.

கேள்வி: நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தால், "வாயால் எதுவும் தரக்கூடாது" என்று பார்க்கின்சன் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். பரவாயில்லையா?
*வாசகி, சென்னை*

பரவாயில்லை என்று விட முடியாது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் விழுங்கும் திறன் இன்னும் கெடும். சிலருக்கு உடம்பு கட்டையாக இறுகி, கடும் காய்ச்சலும் நினைவுக் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். வாயால் கூடாது என்றால் மூக்குக் குழாய் வழியாகவாவது அதே நேரத்தில் போக வேண்டும். சேர்த்த முதல் மணி நேரத்திலேயே நரம்பியல் மருத்துவரை அழைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் ஊசிகளும், இரவுக் குழப்பத்துக்கு ஹாலோபெரிடாலும் சாதாரணமாகப் போடப்படுகின்றன. பார்க்கின்சனில் இவை, மூளையில் அசைவுகளை இயக்கும் டோபமினை அடைத்து நோயை ஒரே நாளில் மோசமாக்கும். வாந்திக்கு டோம்பெரிடோன் தரலாம். இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் ஈ.சி.ஜி. பார்த்துத்தான்.

ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் இப்போதே எழுதி வையுங்கள்: ஒவ்வொரு மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும், கொடுக்கும் நேரம் ‘காலை, மதியம், இரவு’ என்றில்லாமல் 6.00, 9.30, 1.00 என்று மணிக்கணக்கில். பொடிக்கக் கூடாத மாத்திரைகள். கூடாத ஊசிகளின் பெயர். திரவம் எந்த நிலை, உணவு எந்த நிலை. பல்செட் உண்டா இல்லையா. ஒரு பிரதி கட்டில் தலைமாட்டில், ஒரு பிரதி சேர்க்கைக் கோப்பில். இரண்டு நாளுக்கான மாத்திரைகளை அட்டையோடு ஒரே பையில் போட்டு, வீட்டு வாசலருகே மாட்டி வையுங்கள்.